ரசீது இல்லாத அறுநூறு

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசீதக்கா என்றால்தான் தெரியும். சலவைக்கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே ஒரு கைக்குட்டையைக் கொடுத்தாலும் நீல அட்டைப் புத்தகத்தைத் திறந்து, கார்பன் தாளை நேராக வைத்து, தேதி, துணி, தொகை, திருப்பித் தரும் நாள் எல்லாம் எழுதிக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ரசீது கொண்டு வராதவருக்குத் துணி கிடையாது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருநாள் ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். அவருடைய சட்டை அவர் கண்ணெதிரிலேயே ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. "அதோ அதுதான்மா என் சட்டை" என்று விரலை நீட்டிக் காட்டியும், "ரசீது எங்க?" என்று ஒரே கேள்விதான். மனிதர் வீட்டைத் தலைகீழாகக் குடைந்து ரசீதோடு வந்த பிறகே சட்டை கீழே இறங்கியது.

கறார் என்றால் தன் மேலும் அதே கறார்தான். சொன்ன நாளில் துணி கொடுக்காமல் இருந்தது கிடையாது. கல்லாவில் பணம் குறைந்தால் எல்லாருக்கும்தான் வயிறு கலங்கும். கூடினாலும் கலங்குகிறவள் அவள் ஒருத்தி. போன செப்டம்பரில் அப்படித்தான் ஒருநாள் கடை மூடும்போது கல்லாவில் அறுநூறு அதிகமாக இருந்தது. மூன்று முறை எண்ணினாள். அன்று வந்த வாடிக்கைக்காரர்களில் ஒருவரையும் விடாமல் போன் போட்டுக் கேட்டாள். "என்னோடதா இருக்குமோ" என்று இழுத்தவர் ஓட்டல் மேனேஜர் ஒருவர்தான். எழுபது படுக்கை விரிப்பு எடுத்துப் போனவர், பெரிய தொகை, தவறியிருக்கலாம். மறுநாளே அறுநூறையும் அவர் கையில் கொடுத்தாள். கொடுத்ததற்கும் ஒரு ரசீது எழுதி, பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மேனேஜர் வாய் சும்மா இருக்குமா, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவளும் சும்மா இருக்கவில்லை. காத்திருக்கிற வாடிக்கைக்காரர் யாராவது "இந்தக் காலத்துல யாருங்க நாணயமா இருக்காங்க" என்று பெருமூச்சு விட்டால் போதும், அறுநூறு கதை ஆரம்பித்துவிடும்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வயிற்றெரிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், இரண்டு தெரு தள்ளியிருந்த சைக்கிள் கடையிலிருந்து வந்தது.

அது அவள் தங்கையின் கடை. அதற்கு முன்னால் அப்பாவின் கடை. "சின்னவளுக்குக் கடையைக் குடுத்தாரு, எனக்குக் கல்யாணத்தைக் குடுத்தாரு. கடை இன்னும் ஓடுது, கல்யாணம் ஏழே வருஷத்துல நின்னு போச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு உதட்டோடு சரி. சின்னவள் கல்யாணமே வேண்டாமென்று கையில் கிரீஸும் வாயில் பாட்டுமாக நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியும் பெரியவளுக்குப் பொறுக்காது. ஆனாலும் மனசைத் தேற்றிக்கொள்ள அவளிடம் ஒன்று இருந்தது, தங்கையிடம் இல்லாத ஒன்று. அது மகள்.

மகளுக்குப் பதினாறு வயது. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அம்மா அவளை நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவாள். சனி ஞாயிறுகளில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நோட்டுப் புத்தகம் அடுக்கிக் கொஞ்சம் சம்பாதித்தாள். போன ஜூனில் போன் வேண்டும் என்று வந்து நின்றபோது, பிள்ளைக்குப் பணத்தின் அருமையைச் சொல்லித்தர இதைவிட நல்ல நேரம் வராது என்று ரசீதக்காவுக்குத் தோன்றியது.

"பாதி நான், பாதி நீ. உன் பாதியை நான் இப்பப் போடுறேன். மாசம் அறுநூறு, ஆறு தவணை. ஒண்ணாந்தேதின்னா ஒண்ணாந்தேதி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறடி. இப்பவே பழகிக்கோ."

மகள் சரி என்று கையடித்துக் கொடுத்தாள். ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் வந்தது. செப்டம்பரில் நின்று போனது. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா ஒருநாள் திட்டினாள், ஒருநாள் கெஞ்சினாள், அப்புறம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றால் பணத்தைத்தான் விட்டாள், பேச்சை விடவில்லை. கடையில் அறுநூறு கதை முடிந்த கையோடு, "நான் இப்படி, என் வயித்துல பிறந்தது அப்படி. குடுத்த வாக்கை மூணு மாசம் காப்பாத்தத் தெரியல" என்று அதையும் ஒரு வால் மாதிரி சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். தங்கையிடமும் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம் தங்கை தன் கிரீஸ் படிந்த மேலங்கியை வெளுக்கக் கொண்டு வந்தாள். ரசீதக்கா ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன இருந்தாலும் உன் பொண்ணை நல்லா வளர்த்திருக்க."

"எதுக்குடி திடீர்னு?"

"போன நவம்பர்ல அவ எடுத்துட்டு வந்தாளே, அந்தப் பச்சை சைக்கிளை நான் சும்மா குடுத்தேன்னா நினைச்ச? ஆறாயிரம். மாசம் ஐநூறு. அஞ்சாந்தேதின்னா அஞ்சாந்தேதி, இதுவரைக்கும் ஒரு நாள் தவறல. இந்த மாசம் காய்ச்சல் அவளுக்கு, தெரியுமில்ல? அதோட வந்து குடுத்துட்டுப் போறா. என்கிட்ட கடன் சொல்ற ஆம்பளைங்க எல்லாம் அவகிட்ட பாடம் படிக்கணும்."

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் சுதாரித்துத் தூக்கியபோது வக்கீலின் சட்டை முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் கருக்கிய முதல் துணி அது.

தங்கை போன பிறகு அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காய்ச்சல் என்று படுத்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்? கடையைப் பாதியில் சாத்திவிட்டு மாத்திரை வாங்க ஓடியது யார்? அந்தக் காய்ச்சலோடு எழுந்து சித்திக்குப் பணம் கொடுக்கப் போயிருக்கிறாள். வாக்கைக் காப்பாற்றத் தெரியாத பெண் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். தெரிந்திருக்கிறது, நன்றாகவே தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்கு மட்டும்தான் இல்லை. அதுவும் போயும் போயும் அவளுக்கா? அப்பாவின் மடி அவளுக்கு, அப்பாவின் கடை அவளுக்கு, இப்போது இதுவுமா? நினைக்க நினைக்க வயிற்றில் பற்றிக்கொண்டு எரிந்தது. அது பொறாமை என்று அவளுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் அணைந்துவிடுமா?

ஏப்ரல் அஞ்சாந்தேதி அவள் ஒரு காரியம் செய்தாள். சொல்ல வெட்கம்தான். பள்ளிக்கூடம் விட்டு மகள் பச்சை சைக்கிளில் சலவைக்கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்ததும், "அஞ்சு நிமிஷம்" என்று மருந்துக்கடைக்காரரிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். சைக்கிள் கடைக்கு எதிரே நின்ற ஒரு வேனின் மறைவில் நின்றுகொண்டாள். மகள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். தங்கை பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பணத்தை எண்ணினாள், ஏதோ எழுதினாள், ஏதோ கிழித்துக் கொடுத்தாள். பிறகு இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். எழுதியதையும் கிழித்ததையும் ரசீதக்கா பார்த்தாளே தவிர மனசில் வாங்கவில்லை. சிரித்ததை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். தன்னோடு அந்தப் பெண் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. இஸ்திரி மேசைக்குப் புதுத் துணி போட ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் தங்கை முன்னால் போய் நின்றாள்.

"இந்தா, சைக்கிள் பாக்கி. மொத்தமா வாங்கிக்கோ. தீர்ந்ததுன்னு எழுதிக் குடு."

தங்கை டயரைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குக்கா? அவதான் ஒழுங்கா கட்டிட்டு வர்றாளே."

"என் பொண்ணு கடன் என்கிட்டயே இருக்கட்டும். வெளியில எதுக்கு?"

"நான் வெளியா?"

"பேச்சை வளர்க்காத. பணம் நல்ல பணம்தானே, வாங்கிக்கோ."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"பெத்தவ யார்கிட்டடி அனுமதி கேக்கணும்?"

தங்கை டயரைக் கீழே வைத்தாள். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பாக்கி தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ரசீதக்கா அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். பெரிய கோட்டையைப் பிடித்துவிட்ட நினைப்பு. ஒரு கடையை விலைக்கு வாங்கினால் அதன் வாடிக்கையும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அதுபோலத்தான், கடனை வாங்கிவிட்டோம், அந்த அஞ்சாந்தேதியும் அந்தச் சிரிப்பும் பின்னாலேயே வந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னாள். "இனிமே சைக்கிள் தவணை என்கிட்டதான். அதே ஐநூறு, அதே அஞ்சாந்தேதி."

"சித்தி பணத்தை வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டா. ரசீதே இருக்கு."

மகள் அந்த ரசீதை வாங்கி முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மே அஞ்சாந்தேதி காலையிலேயே ரசீதக்கா மேசையைத் துடைத்து வைத்தாள். கோடை லீவிலும் நடந்த ஸ்பெஷல் கிளாஸ் விடும் நேரத்துக்குக் கூந்தலைக்கூட ஒருமுறை முடிந்துகொண்டாள். மகள் கடைப்பக்கமே வரவில்லை. ஆறாந்தேதியும் வரவில்லை. ஏழாந்தேதி மத்தியானம், ஸ்பெஷல் கிளாஸ் அரைநாளோடு விட்டதால் மகள் வழக்கம்போல வெளுத்த துணிகளுக்குப் பொத்தான் தைக்கக் கடைக்கு வந்தாள். வாடிக்கைக்காரர் யாரும் இல்லாத நேரம்.

"அஞ்சாந்தேதி போய் ரெண்டு நாளாச்சு" என்றாள் அம்மா.

"தெரியும்."

"சித்திக்குன்னா காய்ச்சலோட ஓடுற. எனக்குன்னா காலு வராதோ?"

மகள் பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்தவள் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அஞ்சாந்தேதி சித்தி கடைக்குப் போனேன். வாங்க மாட்டேன்னுட்டாங்க. உங்க அம்மாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன்னாங்க. ஆறு மாசம் ஒரு நாள் தவறலம்மா நான். ஏழாவது மாசம் நீ தவற வச்சுட்ட."

"அதான் இங்க குடுன்னு சொன்னேனே."

"உன்கிட்ட குடுக்க மாட்டேன்."

"ஏண்டி? நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"உன்கிட்ட குடுத்தா குடுத்ததா ஆகாது."

ரசீதக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னடி உளர்ற? இந்தத் தெருவுல என்னைப் பாத்து யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

"அவங்களுக்கெல்லாம் ரசீது குடுக்கற, அதனால சொல்ல மாட்டாங்க." மகளின் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. "செப்டம்பர் ஒண்ணாந்தேதி. நல்ல மழை. கடை நிறைய ஆளு. நீ பில் போட்டுக்கிட்டு இருந்த. நான் அறுநூறை உன் கையில வச்சேன். நீ எண்ணக்கூட இல்ல, என் மூஞ்சியைப் பாக்கக்கூட இல்ல. ம்ன்னு கல்லாவுல போட்ட. பத்து நாள் கழிச்சு, இந்த மாசம் எங்கடின்னு கேட்ட. குடுத்தேனேன்னு சொன்னேன். நீ என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் வந்துவிட்டது.

"ரசீது எங்கன்னு கேட்ட" என்றாள் மகள்.

செப்டம்பர், மழை, கல்லாவில் கூடிய அறுநூறு. எட்டு மாதமாக வாய் ஓயாமல் சொல்லித் தெரு முழுக்கப் புகழ் வாங்கிய கதை. அதில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவள் போன் போட்டுக் கேட்கவில்லை.

"அந்த மேனேஜர் கதையை நீ சொல்றப்போ பாதி நாள் நான் உள்ளேதாம்மா பொத்தான் தச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஏண்டி நீ சொல்லல?"

"குடுத்தேன்னு சொன்னேனே. நான் சொன்னதை நம்பல, அதுக்கப்புறம் என்ன சொல்றது? நீயே கண்டுபிடிப்பேன்னு பாத்தேன். நீ என்னடான்னா, என் பொண்ணுக்கு வாக்குச் சுத்தம் இல்லைன்னு வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்த." அவள் கவரை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். "வாயும் வயிறும் வேறன்னு நீதானம்மா சொன்ன. வேறன்னா எனக்கும் ஒரு ரசீது எழுதியிருக்கணும்."

ரசீதக்கா கல்லாவைத் திறந்து அறுநூறை எடுத்து நீட்டினாள். மகள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"பணம் வேணாம். சொன்னதை எல்லாம் திரும்ப எடு. முதல்ல சித்திகிட்ட."

அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய், எதுவும் நடக்காதவள் போலப் பொத்தான் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மேசைக்கு அடியிலிருந்து பழைய நீலப் புத்தகங்களை ரசீதக்கா இழுத்துப் போட்டாள். கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை, எல்லாம் அவள் கையெழுத்தில் முத்து முத்தாக இருந்தது. செப்டம்பர் ஒன்று, கூடுதல் அறுநூறு. செப்டம்பர் இரண்டு, ஓட்டல் மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்தது அறுநூறு, அவர் கையெழுத்து. ஊரான் வீட்டுப் பணத்தைத் தொடாதவள் என்று பெயர் வாங்க, பெற்ற பெண்ணின் பணத்தை எடுத்து ஊரானுக்குக் கொடுத்திருக்கிறாள். அழுகை வந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் வேட்டியோடு வந்து நிற்கவே அழுகையை விழுங்கிவிட்டு அவருக்கு ரசீது எழுதினாள். அவர் போனதும் இன்னும் மூன்று ரசீது எழுதினாள். ஜூலை ஒன்று, ஆகஸ்ட் ஒன்று, செப்டம்பர் ஒன்று. மூன்றையும் மகளின் பள்ளிப் பையின் மேல் வைத்துவிட்டு சைக்கிள் கடைக்குப் புறப்பட்டாள்.

இரண்டு தெருதான். யாரிடம் வேண்டுமானாலும் தலை குனியலாம், மருந்துக்கடைக்காரரிடம் குனியலாம், வக்கீலிடம் குனியலாம், இவளிடமா என்று மனசு வழியெல்லாம் முரண்டு பிடித்தது.

தங்கை ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ செப்டம்பர்ல பணம் குடுத்திருந்தா. நான்தான் தெரியாம அந்த மேனேஜருக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். அவ மேல தப்பு இல்ல. உன்கிட்ட அவளைப் பத்தி நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். இழுத்தால் வராது என்று தெரியும்.

தங்கை குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"சைக்கிள் கேட்டு வந்தப்பவே சொன்னா. எண்ணி வாங்கிக்கிட்டு எழுதிக் குடுத்தாதான் சித்தி எடுத்துக்குவேன்னா. எதுக்குடி இவ்வளவு கறார்னு கேட்டேன், சொன்னா."

"இத்தனை மாசமா தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்த?"

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டா. வாக்குன்னா வாக்குதானே அக்கா."

மறுபடியும் எரிந்தது. பணத்தை மட்டுமில்லை, மனசில் இருந்த பாரத்தையும் இங்கேதான் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள் மகள். இவளும் அதை இத்தனை மாதம் பூட்டி வைத்திருக்கிறாள், வாயும் திறக்காமல். இவளைத் திட்டக்கூட வழியில்லை என்பதுதான் ரசீதக்காவுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

"ஏன் அப்படிப் பாக்கற?" தங்கை டியூபை வெளியே எடுத்து உதறினாள். "உனக்கென்னக்கா. இங்க மாசத்துல ஒரு நாள் வருவா, குடுப்பா, சிரிப்பா, போயிடுவா. என் மேல அவ ஒருநாள்கூடக் கோவிச்சுக்கிட்டது கிடையாது. எட்டு மாசம் மனசுல வச்சுக் குமையணும்னா அதுக்கு நான் அவ்வளவு வேண்டியவளா இருக்கணுமே. நான் எங்க இருக்கேன்?"

தங்கையின் முகத்தை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அந்தப் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அந்தக் கடனை நீயே திரும்ப எடுத்துக்கோ. அவ உன்கிட்டயே கட்டட்டும்" என்றாள்.

தங்கை கையை நீட்டினாள். "ரசீது எங்க?"

முறைத்துக்கொண்டே இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தங்கை அதை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மூவாயிரத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே மகள் போய் ஏழாவது தவணையைக் கட்டிவிட்டாள், இரண்டு நாள் தாமதம் என்று தானே சொல்லி எழுத வைத்தாளாம்.

போன் தவணையைப் பற்றி மகளும் பேசவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று ரசீதக்கா நினைத்தாள். பையின் மேல் வைத்த மூன்று ரசீதுகளும் எங்கே போயின என்றும் தெரியவில்லை. மீதி நாட்களை எப்படியோ தள்ளினாள்.

ஜூன் ஒண்ணாந்தேதி கடையில் கூட்டம் நெரித்தது. மருந்துக்கடைக்காரர், வக்கீல், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண், எல்லாருக்கும் முன்னால் ஓட்டல் மேனேஜர். அவருக்கு விரிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது வரிசையின் கடைசியில் ஒரு தலை மற்ற தலைகளுக்கு மேலே தெரிந்தது. நெட்டச்சி. உள்ளே வராமல், வாடிக்கைக்காரர்களோடு வாடிக்கைக்காரியாக நின்றுகொண்டிருந்தாள்.

ரசீதக்காவுக்கு எண்ணிக்கை விட்டுப் போனது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

"நிதானமா எண்ணுங்கம்மா, உங்க கணக்கு தப்புமா?" என்று மேனேஜர் பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க யாரு தெரியுமில்ல? அறுநூறு கூடுதலா விழுந்துச்சுன்னு தேடி வந்து குடுத்தவங்க. இந்த மாதிரி நாணயம்..."

"சார்" என்றாள் ரசீதக்கா.

எப்போதும் இந்த இடத்தில் தலையைக் குனிந்து புன்னகைப்பாள். அவர் அதற்காகக் காத்திருந்தார்.

"அது உங்க பணம் இல்ல சார். அதோ நிக்கறாளே, என் பொண்ணு, அவ குடுத்த பணம். என்கிட்ட பட்ட கடனுக்குச் சொன்ன தேதியில கொண்டுவந்து குடுத்திருக்கா. நான் எண்ணாம கல்லாவுல போட்டுட்டு, யாரோடதுன்னு தெரியாம உங்ககிட்ட குடுத்துட்டேன். அவ வாக்குத் தவறினவன்னு இங்க நின்ன எல்லார்கிட்டயும் சொன்னேன். தவறினது நான்."

வக்கீல் கூரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் செருப்பைப் பார்த்தார்.

மேனேஜர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். "அதெப்படிம்மா? என்கிட்டதான் ரசீது இருக்கே. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா சார். நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள். விரிப்புகளைக் கட்டி அவர் பக்கம் தள்ளினாள். அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அறுநூறு போனது போனதுதான்.

வரிசை ஒவ்வொருவராகக் கரைந்து மகளின் முறை வந்தது. அவள் அறுநூறை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நாலாவது தவணை."

ரசீதக்கா இரண்டு முறை எண்ணினாள், வாய்விட்டு எண்ணினாள். கார்பன் தாளை நேராக வைத்தாள். தொகையை எழுத்திலும் எழுதினாள், கிழித்துக் கொடுத்தாள். மகள் அங்கேயே நின்று அதை முழுக்கப் படித்தாள்.

"தேதி போடல."

அம்மா வாங்கித் தேதி போட்டாள். மகள் அதை மடித்துப் பைக்குள் இருந்த ஒரு சின்ன கிளிப்பில் செருகினாள். கிளிப்பில் ஏற்கெனவே மூன்று நீலத் தாள் இருந்தது. "வரேன்மா, ட்யூஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனாள். போகும்போது லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

ரசீதக்கா பிரதியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். தங்கைக்கு அஞ்சாந்தேதி, தனக்கு ஒண்ணாந்தேதி. நாலு நாள் முன்னாலேயே வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள், அவளுக்கு முன்னால் எனக்கு என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அங்கே இன்னும் ஐந்து தவணை இருக்கிறது. இங்கே இரண்டுதான்.